செஃபாரியா: திக்கிப் பேசுபவர் தொரா மேடை ஏற இந்த இலவச நூலகம் எவ்வளவு உதவும்?

திக்கிப் பேசுபவர்கள் பலர் நாள் முழுக்கச் செய்யும் ஒரு வேலை மற்றவர் கண்ணில் படுவதில்லை. அடுத்து வரும் சொல்லில் நாக்கு மாட்டப்போகிறது என்று உள்ளுக்குள் தெரிந்ததும் அதை விட்டுவிட்டு வேறு சொல்லுக்குத் தாவிவிடுவார்கள். யூத வழிபாட்டில் அந்த வழி கிடையாது. ஆசிமொழிகளின் வாசகம் எழுத்துக்கு எழுத்து தீர்மானமானது. "பாருக்" என்று தொடங்க வேண்டிய இடத்தில் வேறு எந்தச் சொல்லையும் வைக்க முடியாது. அதையும் பத்துப் பேராவது கூடியிருக்கும் சபையில், அத்தனை பேருக்கும் அந்த வாசகம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க, உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டு நொடி தடைபட்டாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மோசேயின் ஐந்து நூல்களான தொராவின் வாசிப்புக்குப் பெயர் சொல்லி அழைக்கப்படும் அலியா என்ற மரியாதையை நெருங்கிய குடும்ப விழாக்களில்கூடத் திக்குபவர்கள் தவிர்ப்பதற்கு இதுதான் காரணம்.

செஃபாரியா யூதச் சமய நூல்களின் இணைய நூலகம். 2011-இல் ஜோஷுவா ஃபோயர், பிரெட் லாக்ஸ்பைசர் என்ற இருவர் தொடங்கிய லாபநோக்கற்ற நிறுவனம் இதை நடத்துகிறது. கட்டணம் இல்லை. உலாவியிலும் படிக்கலாம், கைப்பேசிச் செயலியாகவும் இருக்கிறது. எபிரேய வேதாகமம், வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, அதன் மேலான விவாதங்களான தால்முத், வேத விளக்கக் கதைகள் நிறைந்த மித்ராஷ், உரைகள், சட்டநூல்கள், பிரார்த்தனைப் புத்தகமான சித்தூர் என்று எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுக் கிடக்கின்றன. பொதுவான மதிப்புரைகள் இதற்கு நிறைய உண்டு. இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: திக்கல் உள்ள ஒருவர் அலியாவுக்கோ தொரா வாசிப்புக்கோ தயாராக இது போதுமா?

நாவுக்கான பயிற்சிக் கருவியாக இது பாதிதான் உதவுகிறது. ஆனால் சபையில் நின்று தனக்கு வேண்டியதைக் கேட்கும் துணிவைத் தரும் கருவியாக இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

முதலில் பயிற்சி

தொராச் சுருளில் உயிர்க்குறிகள் கிடையாது, இசைக்குறிகளும் கிடையாது, மெய்யெழுத்துகள் மட்டுமே. வாசிப்பவர் மற்ற இரண்டையும் மனதில் ஏற்றிக்கொண்டு மேடைக்கு வர வேண்டும். செஃபாரியாவில் ஒரு அதிகாரத்தைத் திறந்து எழுத்து அமைப்புகளுக்குப் போனால் உயிர்க்குறிகளையும் இசைக்குறிகளையும் தனித்தனியாகக் காட்டவும் மறைக்கவும் முடியும். இந்தச் சின்ன வசதி திக்குபவருக்குப் பெரிய உதவி. முதல் கட்டத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டு படியுங்கள். பிறகு இசைக்குறியை மட்டும் மறையுங்கள். கடைசியில் இரண்டையும் மறையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தளவைப் பெரிதாக்கி, மொழிபெயர்ப்பை நீக்கி, எபிரேயத்தை மட்டும் திரையில் வையுங்கள். அடுத்த சொல் என்ன என்ற சந்தேகமும் திக்கலும் சேர்ந்து வந்தால் ஒன்று மற்றொன்றை வளர்க்கும். பாடம் நன்றாக ஊறியிருந்தால் திக்கலை மட்டும் சமாளித்தால் போதும்.

இசைக்குறிகள் பாடுவதற்கு மட்டும் பயன்படுபவை அல்ல. அவை எந்தச் சொல்லை எதோடு சேர்த்துப் படிக்க வேண்டும், எங்கே பிரிக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஒரு வசனத்தின் பெரிய இடைநிறுத்தம் எத்னாக்தா என்ற குறியில் வரும். சாக்கெஃப் காத்தோன், ரெவிஈ போன்றவை அதைவிடச் சிறிய நிறுத்தங்கள். முனாக், மெர்கா முதலியவை அடுத்த சொல்லோடு இணைப்பவை. மூச்சை எங்கே எடுப்பது என்று தீர்மானிக்க இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. பிரிக்கும் குறிகளில் மட்டும் மூச்சு எடுங்கள். இணைக்கும் குறிகளில் குரலை நிறுத்தாமல் அடுத்த சொல்லுக்குள் நழுவிச் செல்லுங்கள். அடைப்பு பெரும்பாலும் சொல்லின் முதல் ஒலியில், அதிலும் மௌனத்திலிருந்து குரலைத் தொடங்கும் இடத்தில் வருகிறது. ஒரு வசனத்தில் பத்துச் சொற்கள் இருந்து மூன்று இடத்தில் மட்டும் மூச்சு எடுத்தால், மௌனத்திலிருந்து தொடங்க வேண்டிய இடங்கள் மூன்றாகக் குறைந்துவிடும்.

பாடும்போது திக்கல் வெகுவாகக் குறைவதும், பலர் சேர்ந்து ஒரே வாசகத்தைச் சொல்லும்போது ஏறக்குறைய மறைந்துவிடுவதும் பேச்சு சிகிச்சையில் நீண்ட காலமாக அறிந்த விஷயங்கள். அதனால் நீளமான தொரா வாசிப்பைவிட, அதற்கு முன்னும் பின்னும் சொல்லும் சின்ன ஆசிமொழிதான் பலருக்குக் கடினமாக இருக்கிறது. வாசிப்புக்கு ராகம் உண்டு. ஆசிமொழியைப் பெரும்பாலோர் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு வேகத்தில் சொல்லிவிடுகிறார்கள். பயிற்சி நேரத்தில் பெரும்பங்கை ஆசிமொழிக்கே ஒதுக்குவது நல்லது.

அதன் கட்டமைப்பைப் பாருங்கள். முன் ஆசியில் "பார்கூ" என்ற அழைப்பு ஒருமுறை, சபை பதில் சொன்ன பிறகு அதையே திருப்பிச் சொல்லும் "பாருக்" ஒருமுறை, பிறகு "பாருக் அத்தா" இரண்டுமுறை. பின் ஆசியில் "பாருக் அத்தா" மீண்டும் இரண்டுமுறை. ஆக ஆறு தடவை உதடுகள் மூடித் திறக்கும் ஒலியில் தொடங்க வேண்டும். ஆறு தடவையும் அதை ஒட்டியே, உயிரொலியில் தொடங்கும் கடவுளின் திருநாமம் வருகிறது. உதடுகளை இறுக்கி அழுத்தினால் முதலாவது அடைக்கும். தொண்டையை இறுக்கினால் இரண்டாவது அடைக்கும். முதலாவதற்கு, உதடுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க, மூச்சு வெளியே வரத் தொடங்கிய பிறகு குரல் சேர வேண்டும். இரண்டாவதற்கு ஒரு நல்ல வாய்ப்பு வாசகத்திலேயே இருக்கிறது. "அத்தா" உயிரொலியில் முடிகிறது. அந்தக் குரலை அணைக்காமல் நீட்டி, அதன் மேலேயே திருநாமத்துக்குள் போகலாம். இரண்டு சொற்களும் தெளிவாகக் கேட்க வேண்டும், ஆனால் நடுவில் மௌனம் தேவையில்லை. "பார்கூ எத்" என்ற தொடரிலும், சபைக்குப் பின் திருப்பிச் சொல்லும் "பாருக்" வரியிலும் இந்த வசதி இல்லை, அங்கே மெய்யொலி குரலை நிறுத்திவிடுகிறது. ஆகவே அந்த இரண்டு வரிகளையும் தனியாக எடுத்து மெதுவாகப் பழக வேண்டும்.

இதற்கு செஃபாரியாவில் செய்ய வேண்டியது இது. சித்தூர் பகுதியில் அஷ்கெனாஸ், செஃபார்த், கிழக்கத்திய யூதர்களின் எதோத் ஹமிஸ்ராக் என்று தனித்தனி மரபுகள் உள்ளன. உங்கள் ஜெப ஆலயத்தின் மரபைத் தேர்ந்தெடுத்து, தொரா வாசிப்பு ஆசிகளை எடுத்து, தளத்திலேயே உள்ள பாடத்தாள் உருவாக்கும் வசதியில் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று உடைத்து எழுதி, பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். தளத்தில் உள்ளபடி பத்தியாகவே வைத்துப் படித்தால் கண் முன்னே ஓடும், மூச்சும் அதன் பின்னே ஓடும். அச்சுச் சித்தூர்களில் கோரென் பதிப்பகத்தார் பிரார்த்தனைகளைப் பொருளுக்கு ஏற்ப வரி பிரித்து அமைத்திருப்பது இந்த விஷயத்தில் செஃபாரியாவைவிடத் தெளிவாக உயர்ந்தது. ஒரே ஒரு சித்தூர் வாங்க நினைக்கும் திக்குபவருக்கு அதைத்தான் பரிந்துரைக்க வேண்டும்.

ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் திக்கல் குறையும். முதல் சில தடவைகளில்தான் அதிகம் குறையும். ஆனால் அந்தப் பலன் மறுநாளைக்கு அப்படியே வந்து சேராது. வெள்ளிக்கிழமை மாலை இருபது தடவை தங்குதடையின்றிச் சொன்னதை நம்பிச் சனிக்கிழமை காலை மேடை ஏறுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். நாளுக்குப் பத்து நிமிடம் என்று பல நாட்களுக்குப் பிரித்து, ஒவ்வொரு நாளும் ஒரு புதிய ஆள் முன்னிலையில், நின்றுகொண்டு, உரக்கச் சொல்லிப் பழகுவது மேல். அடைப்பு வந்தால் அதை மறைக்காமல், அதற்குள்ளேயே அழுத்தத்தைத் தளர்த்தி வெளியே வரப் பழகுங்கள். சொல் முடிந்ததும் ஒரு கணம் நின்று அதே சொல்லை இளக்கமாக மறுபடி சொல்வது இன்னொரு முறை. வீட்டுப் பயிற்சிக்கு அது நல்லது, ஆசிமொழியில் சொற்களைத் திருப்பிச் சொல்வது முறையல்ல என்பதால் மேடைக்கு உதவாது. உங்கள் பேச்சு சிகிச்சையாளருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எந்த மேடையில் தொடங்குவது என்பதிலும் மரபே ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறது. ஷபாத் என்ற சனிக்கிழமை ஓய்வுநாளின் காலையில் ஏழு பேர் அழைக்கப்படுகிறார்கள். திங்கள், வியாழன் காலைகளிலும் ஷபாத் பிற்பகலிலும் மூன்று பேர்தான், கூட்டமும் குறைவு. ஷபாத் பிற்பகலில் வாசிக்கும் அதே சிறு பகுதியைத்தான் அடுத்துவரும் திங்களும் வியாழனும் வாசிக்கிறார்கள். வரும் ஷபாத்தின் பகுதி தொடங்குவதும் அதே வசனங்களில்தான். ஒரு முறை தயாரித்ததை வளர்ந்துகொண்டே போகும் சபை முன் நான்கு தடவை வாசிக்கும் வாய்ப்பு இப்படிக் கிடைக்கிறது. அலியா மட்டும் என்றால், மூன்று அழைப்புகளில் முதலாவது ஆசாரியர் வழிவந்த கோஹெனுக்கும் இரண்டாவது லேவியருக்கும் போகும் வழக்கத்தையும் கணக்கில் வையுங்கள். செஃபாரியாவின் நாட்காட்டிப் பக்கம் அந்த வாரப் பகுதியை நேராகத் திறந்துவிடுகிறது, அலியாப் பிரிவுகளையும் வசனங்களுக்கிடையே காட்டச் செய்யலாம். திங்கள், வியாழன் எல்லைகளை மட்டும் வாசிப்பை ஒழுங்குசெய்யும் கபாயிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே குறைபடுகிறது

பெரிய குறை, சுருளின் தோற்றம் இதில் கிடைக்காது. சுருளில் எழுத்து வடிவம் வேறு, வரி உடையும் இடம் வேறு. திரையில் குறிகளை மறைத்துப் படித்துப் பழகியவர் சுருளின் முன் நிற்கும்போது கண் தேட ஆரம்பிக்கும், அந்தத் தேடலே அடைப்புக்கு வித்தாகும். ஒரு பக்கம் குறிகளுடனும் எதிரே சுருளில் உள்ளபடியும் அச்சிட்ட திக்குன் என்ற பயிற்சி நூல் இதற்கென்றே இருக்கிறது. கடைசி இரண்டு வாரம் அதில்தான் பழக வேண்டும். முடிந்தால் உண்மையான சுருளிலேயே ஒருமுறை வாசித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

அடுத்தது ராகம். குறியைப் பார்த்தவுடன் ராகம் வர, உங்கள் சபையின் மரபில் பாடும் ஒருவரின் குரல் தேவை. அவரிடம் வழக்கமான வேகத்தில் ஒன்றும் பாதி வேகத்தில் ஒன்றும் பதிவு செய்து வாங்குங்கள். பாதி வேகப் பதிவோடு சேர்ந்து பாடுவது முதல் வாரத்துக்கு. பிறகு பதிவின் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய்த் தனியாக நில்லுங்கள். கடைசிவரை பதிவோடு சேர்ந்தே பாடிக்கொண்டிருந்தால் சேர்ந்து சொல்வதன் சரளம்தான் பழகுமே தவிர, தனிக்குரல் பழகாது.

மூன்றாவது சிக்கல் செஃபாரியாவின் குறை அல்ல. ஆனால் திக்குபவரை வெகுவாகப் பாதிக்கும். ஆசிமொழியை ஒத்திகையாகச் சொல்லும்போது திருநாமத்தை உச்சரிக்காமல் "ஹஷெம்" என்று சொல்வது மரபு. மற்றவர்களுக்கு இது ஒரு சின்ன மாற்றம். திக்குபவருக்கோ, வாரக்கணக்கில் ஹகர ஒலியில் மூச்சோடு எளிதாகத் தொடங்கிப் பழகிவிட்டு, மேடையில் முதல்முறையாக உயிரொலியில் தொடங்க வேண்டிய நிலை. பழகாத ஒலியை எல்லாவற்றிலும் கடினமான இடத்தில் சந்திக்கிறார். வழி இருக்கிறது. வேத வசனங்களை முழுமையாக, பிரார்த்தனையாகவே வாசிக்கும்போது திருநாமத்தை உள்ளபடி சொல்லலாம். சங்கீதங்களை நாளும் உரக்கப் படிப்பது பழைய யூத வழக்கம். அதில் 51-ஆம் சங்கீதத்தின் ஒரு வசனம் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது: "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்." தமிழ் வேதாகமத்தில் இது 15-ஆம் வசனம். எபிரேய எண்ணிக்கையில் தலைப்பும் சேர்வதால் செஃபாரியாவில் 17-ஆவதாக இருக்கும். அமிதா என்ற மையப் பிரார்த்தனை நாளுக்கு மூன்று தடவை இந்த வசனத்தோடுதான் திறக்கிறது. வாய் திறக்க உதவி கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு யூதரும் பேசத் தொடங்குகிறார். திக்குபவர் மட்டும் கேட்கும் வேண்டுதல் அல்ல இது. குழந்தைகளுக்கு ஆசிமொழி கற்பிக்கும்போது திருநாமத்தோடு சொல்லித்தர ஷுல்கான் ஆருக் என்ற சட்டநூல் அனுமதிக்கிறது. பெரியவர்கள் தம் சமய ஆசானான ரபியிடம் நிலைமையைச் சொல்லிக் கேட்க வேண்டும். முதல் ஒலியிலேயே மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப அதைச் சொல்ல நேர்ந்தால் என்ன என்ற பயத்தையும் அப்போதே அவரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். மேடையில் அந்தக் கேள்வி மனதில் இருக்கக் கூடாது.

தளத்தின் மொழி எபிரேயமும் ஆங்கிலமும்தான். ஆசிமொழியைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். நம் பகரம் ஒன்றே மூன்று நான்கு எபிரேய ஒலிகளுக்கு நிற்க வேண்டியிருக்கும், திக்கல் உள்ளவருக்கு ஒலியில் சந்தேகம் கூடவே கூடாது. எபிரேய எழுத்துகள் இருபத்திரண்டுதான், கற்றுவிடலாம்.

துணிவின் பகுதி

இனி இந்த நூலகம் தன் முழு பலத்தையும் காட்டும் இடம். யாத்திராகமம் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து 10-ஆம் வசனத்தைத் தொடுங்கள். "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்று மோசே எரியும் முட்செடியின் முன் சொல்லும் இடம் அது. பக்கவாட்டில் ஒரு பலகை திறந்து, அந்த ஒரு வரியைப் பற்றி நூற்றாண்டுகளாக எழுதப்பட்டதெல்லாம் வரிசையாக நிற்கும்.

அந்த உரைகள் ஒரே குரலில் பேசவில்லை. இடைக்கால உரையாசிரியர் ராஷி பழைய பிரெஞ்சு மொழியில் திக்குபவரைக் குறிக்கும் சொல்லையே போட்டு, மோசே திக்கித்தான் பேசினார் என்கிறார். உதட்டாலும் நாவாலும் பிறக்கும் சில ஒலிகள் மோசேக்குப் பிறவியிலேயே சிரமமாக இருந்தன என்பது இப்னு எஸ்ராவின் கருத்து. ராஷியின் பேரன் ரஷ்பாம் இதை ஏற்கவில்லை. கடவுளோடு முகமுகமாய்ப் பேசிய தீர்க்கதரிசி திக்குவாயராக இருப்பாரா என்று கேட்டு, இளமையிலேயே எகிப்தை விட்டு ஓடியதால் எகிப்திய மொழி சரளமாக வராததைத்தான் மோசே குறிப்பிட்டார் என்கிறார். ரஷ்பாமின் கேள்வி திக்குபவருக்கு வலிக்கும். ஆனாலும் அதைப் படித்தே ஆக வேண்டும், ஏனென்றால் சபையில் சிலர் மனதில் இருக்கும் கேள்வி அதுவே. அதற்கான பதில் அதே பலகையில் அவருடைய தாத்தாவின் உரையில் இருக்கிறது.

மித்ராஷ் பகுதிக்குப் போனால் குழந்தை மோசேயைச் சோதிக்கப் பார்வோன் அவையில் பொன்னும் நெருப்புத் துண்டும் வைத்த கதை வரும். குழந்தையின் கை பொன்னை நோக்கிப் போக, காபிரியேல் அதை நெருப்பின் பக்கம் தள்ள, சுட்ட கையை வாயில் வைத்ததில் நாக்கு வெந்துபோயிற்று என்கிறது யாத்திராகமத்துக்கான மித்ராஷான ஷெமோத் ரபா. உபாகமத்துக்கான தெவாரிம் ரபாவோ, "நான் வாக்குவல்லவன் அல்ல" என்றவர் தொராவைப் பெற்றபின் நாக்கு குணமாகி "மோசே சொன்ன வார்த்தைகளாவன" என்று ஒரு நூலையே பேசினார் என்கிறது. அழகான வாசிப்பு. ஆனால் திக்கல் உள்ள ஒரு சிறுவனிடம் அதைக் கொடுக்கும் பெரியவர் கவனமாக இருக்க வேண்டும். பக்தி போதுமானதாக இருந்தால் நாக்கு சரியாகியிருக்கும் என்று அவன் எடுத்துக்கொண்டால், சரியாகாத நாக்கு அவன் பக்தியின் மேல் குற்றச்சாட்டாகிவிடும்.

அவனுக்கு முதலில் காட்ட வேண்டியது 12-ஆம் வசனம். "நான் உன் வாயோடே இருப்பேன்" என்பதுதான் அங்கே உள்ள வாக்கு. குணமாக்குவேன் என்ற சொல் அதில் இல்லை. துணைக்கு ஆரோனை அனுப்புகிறார், மோசேயின் பணியை மாற்றவில்லை. அடுத்து பதினான்காம் நூற்றாண்டு கதலோனியாவைச் சேர்ந்த ரான் என்ற ரபி நிசிமின் பிரசங்கங்கள். மோசே நாவன்மை மிக்கவராக இருந்திருந்தால் மக்கள் பேச்சில் மயங்கித்தான் தொராவை ஏற்றார்கள் என்று பின்னால் சொல்லியிருப்பார்கள், அந்தச் சந்தேகம் எழக்கூடாது என்றே கடவுள் அவரைத் திக்குபவராக வைத்தார் என்பது அவர் வாதம். திக்கல் உள்ளவர்களுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டிய உரை ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்.

அன்னாளையும் விட்டுவிடக் கூடாது. 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் அவள் உதடு அசைகிறது, குரல் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்துக் கண்டிக்கிறான், தவறு அவனுடையது. பெராகோத் 31அ பக்கத்தில் தால்முத் அமிதா சொல்லும் முறையையே அவளிடமிருந்து கற்கிறது: உதட்டால் உச்சரிக்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது. முணுமுணுப்பாகச் சொல்லும்போது திக்கல் பலருக்குத் தணிந்துவிடும். நாளின் முதன்மைப் பிரார்த்தனை அந்தக் குரலில்தான் அமைந்திருக்கிறது.

மனதைக் கலக்கும் பகுதியும் இந்த நூலகத்தில் இருக்கிறது, தேடினால் வந்து நிற்கும். தால்முத்தின் மெகில்லா 24ஆ பக்கம், ஆலெஃப், ஆயின் என்ற எழுத்துகளை மாற்றி உச்சரிக்கும் ஊர்க்காரர்களைப் பிரார்த்தனை நடத்த முன்னிறுத்தக் கூடாது என்கிறது. ஷுல்கான் ஆருக்கிலும் இது ஏறியிருக்கிறது. இங்கே பேசப்படுவது ஓர் எழுத்து இன்னொன்றாகிப் பொருள் மாறும் உச்சரிப்பு. தாமதமாக, தடைபட்டு, ஆனால் சரியாக வரும் எழுத்து அந்த வகையில் சேராது. அதே பக்கத்தில் பெரும் அறிஞரான ரபி ஹிய்யாவிடமே இந்தக் குறை உண்டு என்று சுட்டிக்காட்டப்படுகிறது, ஏசாயாவின் ஒரு சொல்லை நீ உச்சரித்தால் தூஷணமாக ஒலிக்குமே என்று. பிறகு தால்முத்தின் இன்னொரு தொகுதியான பாவா மெட்சியாவின் 85ஆ-வுக்குப் போங்கள். பஞ்சகால உபவாச நாளில் பிரார்த்தனை நடத்த நிறுத்தப்படுபவர் அதே ரபி ஹிய்யா, கூடவே அவர் மகன்கள். "காற்றை வீசச் செய்கிறவர்" என்றதும் காற்று வீசியது, "மழையைப் பொழியச் செய்கிறவர்" என்றதும் மழை பெய்தது. தனித்தனி அச்சுத் தொகுதிகளில் இந்த இரண்டு பக்கங்களையும் ஒருவர் சேர்த்துப் பார்க்க வருடங்கள் ஆகலாம். இங்கே அவர் பெயரைத் தேடினால் இரண்டையும் அருகருகே திறந்துவைக்கலாம். தால்முத் மொழிபெயர்ப்பு 2017 முதல் இலவசமாகத் திறந்திருப்பதால்தான் இது சாத்தியமாகிறது.

உன்னதப்பாட்டுக்கான மித்ராஷிலும் ஒரு பத்தி இருக்கிறது. படிப்பறியாதவன் "அன்புகூர்வாயாக" என்பதற்கான சொல்லைத் தவறி "பகைப்பாயாக" என்று படித்துவிட்டாலும், மோசே, ஆரோன் என்ற பெயர்களை ஒரு குழந்தை மழலையில் குழப்பினாலும், அந்தத் தடுமாற்றம் கடவுளுக்குப் பிரியமானது என்கிறது. பொருள் மாறிய இடத்திலேயே இப்படி என்றால், பொருள் மாறாத திக்கலுக்கு என்ன பயம்?

பாடத்தாள்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. பயனர்கள் உருவாக்கிய தாள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மோசேயின் பேச்சு என்று தேடினால் ஆசிரியர்கள் அக்கறையோடு செய்தவையும் வரும், பாதியில் விட்ட வகுப்புக் குறிப்புகளும் வரும். மூலப் பகுதியை நேராகத் திறந்து மேலும் கீழும் நாலு வரி படித்துவிட்டுத்தான் எதையும் நம்ப வேண்டும்.

கபாயிடம் எடுத்துப்போக வேண்டிய பக்கம்

அதிகம் பேர் அறியாத, அதிகம் உதவும் ஒரு பக்கம் மிஷ்னாவில் பிக்கூரீம் 3:7. முதற்பலன்களை ஆலயத்துக்குக் கொண்டுவருபவர் உபாகமம் 26-இல் உள்ள வாசகத்தை எபிரேயத்தில், உரக்கச் சொல்ல வேண்டும். ஆதியில் சொல்லத் தெரிந்தவர்கள் தாமே சொன்னார்கள், தெரியாதவர்களுக்கு ஒருவர் எடுத்துக்கொடுக்க அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். தெரியாதவர்கள் வெட்கப்பட்டுக் காணிக்கை கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். அதனால் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்குமே எடுத்துக்கொடுப்பது என்று விதியை மாற்றினார்கள். அலியா பெற்றவர் தாமே தொராவை வாசிக்காமல் அவருக்காக ஒரு வாசகர் வாசிக்கும் இன்றைய வழக்கத்தையும் இடைக்கால உரையாசிரியர்கள் இதோடு ஒப்பிடுகிறார்கள். கூச்சப்படுபவரைத் திருத்தப் போகாமல் சபை தன் முறையைத் திருத்திக்கொண்டதற்கு இது எழுத்துபூர்வமான சான்று. சலுகை கேட்கத் தயங்குபவர் கையில் இருக்க வேண்டிய தாள்.

இதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, அலியாவுக்கு ஒரு வாரம் முன்பாவது கபாயையும் வாசகரையும் சந்தியுங்கள். கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கட்டும். நான் நின்றால் மறந்துவிட்டேன் என்று பொருளல்ல, நான் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கும்வரை யாரும் சொல்லை எடுத்துக்கொடுக்க வேண்டாம். இதை முன்பே சொல்லாவிட்டால், பிழை திருத்துவது கபாயின் கடமை என்பதால் அவர் முதல் தயக்கத்திலேயே சொல்லை உரக்கச் சொல்லிவிடுவார், பின்னால் பத்துக் குரல்கள் சேரும், அதற்குப் பிறகு சொல்லைத் தொடங்குவது இரட்டிப்புக் கடினம். அருகில் நிற்கும் ஒருவர் தாழ்ந்த குரலில் கூடவே சொல்வது உங்களுக்கு உதவும் என்றால், அது எந்த அளவு கூடும் என்று ரபியிடம் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள். சுருளின் மரக் கைப்பிடிகளை இறுகப் பிடித்தால் அந்த இறுக்கம் தோள் வழியாகக் கழுத்துக்கு ஏறும் என்பதால், பிடியைத் தளர்த்தி நிற்கவும் பழகிக்கொள்ளுங்கள்.

ஷபாத்தில் கைப்பேசியைத் தொடாத சபைகளில் செயலி உதவாது. வேண்டிய எல்லாத் தாள்களையும் வெள்ளிக்கிழமை சூரியன் சாயும் முன் அச்சிட்டுச் சித்தூருக்குள் வைத்துவிடுங்கள். அவற்றில் திருநாமம் இருக்கும் என்பதால் வேலை முடிந்ததும் குப்பையில் போடக் கூடாது. ஜெப ஆலயத்தில் பழைய புனித ஏடுகளைச் சேர்த்துவைக்கும் கெனிசாப் பெட்டியில் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த அலியாவுக்கு எடுத்துவையுங்கள்.